பிரித்துப் பார்த்தவர்

கல்கிசையில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் அவ்வீட்டு மதிலோரமாக ஐந்தாறு மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு உரியவர்கள் விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி வழக்காடுவார்கள். அந்த வழக்கு அரசியலைப் பற்றியதன்று, சினிமாவைப் பற்றியதுமன்று. எவ்வகைக் கியர் சிறந்தது, இயந்திரத்தின் வலுவை எவ்வாறு கூட்டுவது, ஒரு வண்டியை வைத்திருக்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்னும் மூன்று வினாக்களையே அது சுற்றிச் சுற்றி வரும். தமிழாசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நானும் அச்சபையில் ஒரு மூலையில் இடம் பெற்றவன். என்னிடம் இருப்பது ஒரு பழைய மொறிஸ் மைனர். அதுவே அச்சபைக்கு நான் செலுத்தும் நுழைவுக் கட்டணம்.

சபையின் கட்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்ந்த அன்பர் கையால் மாற்றும் கியரின் பக்கம். கிளச்சை மிதித்துத் தண்டைத் தள்ளி, பல்லோடு பல் பொருந்தும் கணத்தை உள்ளங்கையில் உணராதவன் வண்டியை ஓட்டவில்லை. வண்டியில் பயணம் செய்கிறான் என்பது அவர் துணிபு. வெள்ளவத்தையிலிருந்து வரும் பல் வைத்தியர் அதனை ஏற்கமாட்டார். மாலை நெரிசலில் பம்பலப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கிளச்சை நூறு தடவை மிதிப்பவனுடைய முழங்காலுக்கு வைத்தியச் செலவை யார் கொடுப்பது என்று அவர் கேட்பார். அவருடைய யப்பானியச் சிறு காரில் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மாறிப் பொருந்துவதில்லை. இரண்டு கூம்புக் கப்பிகளும் அவற்றை இணைக்கும் உருக்குப் பட்டியும் உள்ளன. கப்பிகள் விரியவும் ஒடுங்கவும் வேகத்தின் விகிதம் படியின்றி வழுக்கிக்கொண்டே மாறும். பற்களையே தொழிலாகக் கொண்டவர் பல்லில்லாத கியரை விரும்புவது விந்தையே என்று நாங்கள் நகைப்போம்.

வீட்டுக்காரர் எங்களுள் மூத்தவர். இவ்வழக்கு முற்றும்போதெல்லாம் காலி வீதியில் தாம் கண்ட ஈரடுக்குப் பஸ்களை நினைவூட்டுவார். இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 ஜனவரி 1ஆம் நாள் தோன்றிய பின்னர் இலண்டன் மாநகரில் ஓடி முடிந்த ஈரடுக்குப் பஸ்கள் பல இங்கே வந்தன. அவற்றுட் பலவற்றில் சாரதி அடுத்து வேண்டிய கியரைச் சிறு தண்டொன்றினால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். தக்க கணத்தில் மிதியை ஒருமுறை அழுத்தினால் உள்ளே கியர் தானாக மாறிவிடும். நடுவே ஒரு சூரியச் சக்கரமும் அதனைக் கோள்கள்போற் சுற்றிவரும் சிறு சக்கரங்களும் கொண்ட அவ்வமைப்பை ஆக்கியவர் வால்டர் கோர்டன் வில்சன் என்னும் பொறியியலாளர். ஆகவே, தானியங்கி என்பது நேற்று வந்த நாகரிகமும் அன்று, கைக்கியர் என்பது ஆதிகாலத் தருமமும் அன்று என்று அவர் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பை ஒருவரும் ஏற்பதில்லை.

இளைஞர்களின் கட்சி வேறு. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயமே அவர்களுடைய காவியம். இயந்திரத்துக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டேர்போவைப் பொருத்துவது, புகைபோக்கியை மாற்றுவது, எரிபொருளை அளந்து விடும் மின்னணு மூளையின் கணக்கைத் திருத்துவது ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பேசுவார்கள். பெரியவர்கள் செலவைப் பற்றிப் பேசுவார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இலேதான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகள் புதிய வண்டிகளின் விலையைத் தாண்டி விற்றன. 2022இல் பெற்றோலுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றோம். கலப்பு மின்வண்டி வைத்திருப்பவர் அதன் மின்கலம் ஓய்ந்துபோகும் நாளை எண்ணி அஞ்சுகிறார். இவையெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன பேச்சுக்கள்.

பழகாத பேச்சு ஒன்று சில வாரங்களுக்கு முன் எழுந்தது. என் தமக்கையின் மகன் கணக்கியற் பரீட்சைகளுக்குப் படித்து வருபவன். அவன் படிப்பை நிறுத்திவிட்டு இரத்மலானைப் பக்கத்தில் ஒரு மோட்டார் திருத்தகத்தில் தொழில் பழகப் போவதாக வீட்டிற் சொல்லிவிட்டான். தமக்கை அழுதாள், அத்தான் பேசாதிருந்தார். வெள்ளவத்தையில் உறவினர் நடுவே இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்பது அவர்களுடைய கவலை. நான் ஆசிரியன் அல்லவா? பையனுக்குப் புத்தி சொல்லும்படி என்னிடம் அனுப்பினார்கள். அவனை ஞாயிறு மாலைச் சபைக்கு அழைத்துச் சென்றேன். சபையோர் கேட்டதும் இரண்டாகப் பிரிந்தனர். அப்போதுதான், மோட்டார்த் தொழிலைக் கையினாலேயே கற்று உயர்ந்த ஒரு தமிழ்நாட்டு மனிதரின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அறிவுரைக்குப் பதிலாக அதனைச் சொல்லத் தொடங்கினேன். அன்று சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

அவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். 1893 மார்ச் 23ஆம் நாள், கோவையை அடுத்த சூலூர்ப் பக்கத்திலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பு முடிந்தது. ஆசிரியனாகிய எனக்கு இதனைச் சொல்வது மகிழ்ச்சி தருவதன்று. ஆனால், வரலாறு நம் மகிழ்ச்சியைக் கேட்டு நடப்பதில்லையே.

நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த அந்த இளைஞர், லங்காஷயர் என்னும் ஆங்கில வருவாய்த்துறை அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டியை அவர் கண்டது அதுவே முதன்முறை. ஊரார் கண்டு வியந்தார்கள். வியந்து வீடு திரும்பினார்கள். நாயுடு வீடு திரும்பிய பின்னும் அந்த வண்டியை மறக்கவில்லை. அது எவ்வாறு ஓடுகிறது என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். உணவுச்சாலை ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியைத் தேடிச் சென்று அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊருக்குப் பெருமையாகப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பும் எதனோடு சேர்கிறது, எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்த்தார். பின்பு மீண்டும் பூட்டினார். பரிமாறும் கூலியில் சேர்த்த செல்வம் அனைத்தும் தரையில் துண்டு துண்டாகக் கிடக்க, அதன் நடுவே உட்கார்ந்திருந்த அந்த மனிதரை எண்ணிப்பாருங்கள். மீண்டும் பூட்டத் தவறியிருந்தால் எல்லாம் போயிற்று. அதுவே அவருடைய பல்கலைக்கழகம். அதற்கு அவர் செலுத்திய கட்டணம் அந்த அச்சமே.

இங்கே பல் வைத்தியருக்கு ஒரு செய்தி சொன்னேன். அதே ரட்ஜ் கம்பெனி 1912ஐ ஒட்டிய ஆண்டுகளில் மல்ட்டி என்னும் ஒருவகை மோட்டார் சைக்கிளை விற்றது. அதில் ஒரு தண்டை அசைத்தால் கப்பிகள் விரிந்தும் ஒடுங்கியும் பட்டியை ஏற்றி இறக்கும். ஏறத்தாழ 20 நிலைகளில் வேக விகிதம் மாறும். 1914இல் மான் தீவிற் புகழ்பெற்ற பந்தயத்தில் வென்ற வண்டியும் அவ்வகையினதே. பல் வைத்தியர் இன்று புதுமை என்று போற்றும் கூம்புக் கப்பிக் கியரின் மூத்த உறவினர் நூறாண்டுக்கு முன்பே தெருவில் ஓடியிருக்கிறார். பழைய பட்டி உருக்குப் பட்டியாயிற்று. கையின் வேலையை எண்ணெயும் மின்னணுவும் ஏற்றன. தத்துவம் அதுதான். எது பழையது, எது புதியது என்னும் வழக்கு வெளியே நின்று பார்ப்போருக்கே உரியது. பிரித்துப் பார்த்தவனுக்கு எல்லாம் ஒரே குடும்பம்.

நாயுடுவின் வாழ்க்கை அங்கிருந்து நேரே மேலேறிவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் இழந்தார். பருத்திச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்துப் பூட்ட முடியாது என்பதை அவர் அப்போது கற்றிருக்க வேண்டும். மீண்டும் மோட்டாரிடம் வந்தார். கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ஸ்டேன்ஸ் துரை அவருடைய கைத்திறனையும் நாணயத்தையும் மதித்து, பஸ் ஒன்றைக் கடனாகப் பெற உதவினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. உரியவரே சாரதி; அவரே திருத்துநர்.

இந்த இடத்தில் என் மருமகனை நோக்கி ஒன்று சொன்னேன். நாயுடு தனியொருவராக நின்று எல்லாம் சாதித்தார் என்று எண்ணாதே. திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆயினும் நம்பிக் கடன் கொடுக்க ஒருவர் வந்திராவிட்டால் அந்த முதல் பஸ் பொள்ளாச்சியை விட்டுப் புறப்பட்டிராது. கைத்தொழில் பழகப் போகிறவனுக்குத் திறமையைப்போலவே நாணயமும் மூலதனம்.

ஒரு பஸ் பலவாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரில் நடந்த அந்நிறுவனத்தை மக்கள் யூ. எம். எஸ். என்றே அழைத்தார்கள். 1933ஆம் ஆண்டளவில் அதன் பஸ்கள் 280 ஆயின. இந்த எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றை அவர் நடத்திய முறையே எங்கள் சபைக்கு உரிய பாடம்.

சொந்தக் கார் வைத்திருப்பவர் அது ஒருநாள் நின்றுவிட்டால் நொந்துகொள்வார். பஸ் முதலாளிக்கோ நிற்கும் பஸ் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தை விழுங்கும் பூதம். கடன் தவணை நிற்பதில்லை. சாரதியின் சம்பளம் நிற்பதில்லை. வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்த பயணி மறுநாள் போட்டிக்காரனின் வண்டியில் ஏறிவிடுவான். உதிரி உறுப்புகளோ கப்பலில் வரவேண்டியவை. இந்நிலையில் பழுதுபட்ட பின் திருத்துவது தோல்வியே. பழுது வருமுன் அறிய வேண்டும். ஆகவே நாயுடு தம் பணிமனையையே நிறுவனத்தின் இதயமாக்கினார். இயந்திரத்தின் அதிர்வைச் சோதித்துக் குறையை முன்கூட்டிக் காட்டும் கருவியை அமைத்தார். பயணச்சீட்டு வழங்குவதற்கும் இயந்திரம் கண்டார். பஸ் குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேரவேண்டும் என்பதில் கண்டிப்பாய் இருந்தார்.

வலுவைக் கூட்டுவது பற்றிப் பேசும் இளைஞர்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. மலையேற்றப் பந்தயக்காரன் இயந்திரத்திடம் கேட்பது சில நிமிடங்களின் வெறி. அதற்காக அதன் ஆயுளைக் கொடுக்கவும் அவன் சித்தமாயிருக்கிறான். அது தவறன்று, அவனுடைய ஆட்டத்தின் விதி அது. நாயுடு இயந்திரத்திடம் கேட்டது நாள்தோறும் மாறாத நடை. இரண்டும் சுருதி கூட்டுதலே. வீணையைக் கச்சேரிக்காகவும் கூட்டலாம், நாள்தோறும் சாதகம் செய்வதற்காகவும் கூட்டலாம். ஆனால், காலி வீதியில் மணிக்கு பத்து மைல் ஊரும் காருக்கு டேர்போ பொருத்துவது இரண்டிலும் சேராது. இதைச் சொன்னபோது இளைஞர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் டேர்போவுக்கு முற்பணம் கட்டியிருந்தான் என்று பின்னர் அறிந்தேன்.

பணிமனையிலிருந்து பிற தொழில்கள் கிளைத்தன. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து கோவைப் பீளமேட்டில் மின்மோட்டார் செய்தார்கள்; இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. கோவைப் பகுதியின் கிணறுகளிலும் ஆலைகளிலும் பின்னாளிற் சுழன்ற எண்ணற்ற மோட்டார்களின் தொடக்கம் அதுவே. ரேசண்ட் என்னும் பெயரில் சிறு மின்மோட்டாரால் இயங்கும் சவரக் கருவியை அமைத்தார். ஜெர்மனியில் 1936ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் அதற்குச் சிறப்புக் கிடைத்தது. கடிகாரம் செய்தார், வானொலிப் பெட்டி செய்தார், பருத்திச் செடியையும் பப்பாளியையும் வைத்து வேளாண்மைச் சோதனைகள் நடத்தினார். வெளிநாடுகளுக்குப் போன இடமெல்லாம் படமெடுக்கும் கருவியோடு போனார். 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையும் படம்பிடித்தார். அதே காலத்தில் மாகாணத் தேர்தலிலும் நின்றார், தோற்றார். எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் அந்த மனிதருக்கு மக்களின் வாக்கு மட்டும் திறக்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கல்வியை இகழ்ந்தாரா? இது என் மருமகனுக்கு வேண்டிய வினா. ஆகவே சற்று நின்று சொன்னேன். இகழவில்லை. 1945இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அக்காலச் சென்னை ஆளுநரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நாயுடு அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். பொறியியற் கல்விக்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, முறையாகக் கற்பித்தால் இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவருடைய கொள்கை. மாணவன் புத்தகத்தோடு பட்டறையிலும் நிற்கவேண்டும் என்று விரும்பினார். ஆட்சியாளர் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அவர் விலகினார். கல்லூரி நின்றுவிடவில்லை, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகக் கோவையில் விளங்குகிறது. அவர் பகைத்தது கல்வியையன்று. காலத்தை வீணாக்கும் கல்வியையே. தமக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தைப் பிறருக்குக் கட்டிக்கொடுத்தவர் படிப்பை விட்டுவிடு என்று யாருக்கும் சான்று ஆகமாட்டார்.

இனிச் செலவுக் கணக்குக்கு வருகிறேன். நாயுடுவின் வாழ்க்கையில் எங்கள் சபையை மிகவும் கலக்கிய பகுதி இதுவே. 1952இல் இருவர் அமரக்கூடிய சிறு பெற்றோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். ஆனால், இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பெருந்தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும். காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

இதைக் கேட்டதும் வங்கி அன்பர் எழுந்துவிட்டார். ஒரு கார் செய்வது பட்டறையின் வேலை, பத்தாயிரம் கார் செய்வது ஆலையின் வேலை. உருக்கு எங்கிருந்து வரும், உதிரி உறுப்புகளுக்கு வெளிநாட்டுச் செலாவணி எங்கிருந்து வரும், விடுதலை பெற்று ஐந்தாண்டே ஆன நாடு உணவையும் அணைக்கட்டையும் எண்ணுமா, காரை எண்ணுமா என்று அடுக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்காரர் மறுத்தார். ஹென்றி போர்ட் 1908இல் தமது டி மாதிரிக் காரை 850 டாலருக்கு விற்கத் தொடங்கி, 1925இல் 260 டாலர் வரை இறக்கினார். அந்தக் காரில் முன்னே செல்ல இரண்டே கியர்கள். அவையும் காலால் மிதித்து மாற்றும் கோள்சக்கர அமைப்பு. ஒன்றரைக் கோடிக் கார்கள் விற்றன. போர்டை ஓர் அலுவலகத்தின் வாயிலிற் காத்திருக்கச் சொல்லியிருந்தால் உலக வரலாறு எவ்வாறு இருந்திருக்கும் என்று கேட்டார்.

இருவருடைய பேச்சையும் நான் எண்ணிப் பார்த்தேன். இந்தியாவில் நடுத்தர மக்களின் கையெட்டும் சிறு காராக மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அதன் விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். நாயுடுவின் காருக்கும் அதற்கும் இடையே 31 ஆண்டுகள். 2009இல் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று டாட்டா நானோ வந்தது, உலகமே வியந்தது, ஆயினும் எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. மலிவான விலை மட்டும் காரை நிலைக்கச் செய்யாது என்று அது காட்டிற்று. நாயுடுவின் கார் வென்றிருக்குமா தோற்றிருக்குமா என்பதைத் தெருவே தீர்மானித்திருக்க வேண்டும். தெருவுக்கு வரவே அதற்கு வழியில்லாமற் போயிற்று என்பதுதான் என் வருத்தம். தோல்வி கூட ஒரு பாடமாகும். சோதிக்கப்படாதது பாடமும் ஆகாது.

1967இல் தம் தொழிற் கண்காட்சியைக் கோவையில் நிறுவினார். தாம் வாழ்நாளெல்லாம் திறந்து பார்த்தவற்றை ஊரார் பார்க்கத் திறந்துவைத்த இடம் அது. 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். அவர் குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015 முதல் கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். உரிமம் மறுக்கப்பட்ட காரை ஆக்கியவரின் பெயர்மீது இன்று ஆயிரமாயிரம் கார்கள் ஓடுகின்றன.

வரலாறு முடிந்தது. சபை சற்று மௌனமாயிற்று. அப்போது என்னுடைய சொந்தக் கதையொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மொறிஸ் மைனரில் கியர் விழ மறுத்தது. பல்லை நறநறவென்று கடித்தது. நான் கொண்டுபோன திருத்தகத்தில் கியர்ப் பெட்டியையே மாற்றவேண்டும் என்றார்கள். என் ஓய்வூதியத்தில் பல மாதப் பணத்தைக் கொடுத்தேன். மாற்றிய சில வாரங்களிலேயே பழைய குறை திரும்பியது. பின்பு ஒழுங்கையோரத்துக் கொட்டகையொன்றில் இருந்த முதிய திருத்துநர் வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். என் வண்டியில் கிளச் மிதியிலிருந்து கிளச்சுக்குப் போவது ஓர் இரும்புத் தண்டு. அதன் முனையிலுள்ள சுரையைத் திருகி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். அவர் திருகினார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. கூலியாக அவர் கேட்டது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது, என் கார் எனக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பது முதன்முதலாக விளங்கிற்று. பெற்றோல், வரி, காப்புறுதி, ரயர் எல்லாவற்றிலும் பெரிய செலவு ஒன்று உண்டு. அதுதான் என் அறியாமை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் அதனை எழுதியதில்லை.

நாயுடுவின் வாழ்விலிருந்து நான் கொண்ட பொருள் இதுவே. எந்தக் கியர் சிறந்தது என்னும் வினாவுக்கு விடை ஊருக்கு ஊர், காலுக்குக் கால் மாறும். ஆனால், நாம் வைத்திருக்கும் பொருளை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கிறோமா என்னும் வினாவுக்கு விடை மாறாது. திறந்து பார்த்தவன் தன் பொருளுக்கு உரியவன். திறந்து பாராதவன் அதற்குக் கட்டணம் செலுத்துபவன். ஆசிரியத் தொழிலிலும் இதுவே உண்மை என்று இந்த வயதில் உணர்கிறேன். எத்தனை செய்யுள்களை மாணவர்க்கு மனப்பாடமாக ஓட்டக் கொடுத்தேன்! எத்தனையைப் பிரித்துக் காட்டினேன்?

மருமகனின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். அன்றிரவு தமக்கை வீட்டுக்குப் போனேன். கணக்கியற் பரீட்சை இன்னும் இரண்டே பாகங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை எழுதி முடிக்கட்டும் என்றேன். முடித்த பின் திருத்தகத்துக்குப் போக விரும்பினால் தடுக்கவேண்டாம் என்றும் சொன்னேன். 280 பஸ்களை நடத்தியவருக்குக் கணக்கும் தெரிந்திருந்தது என்று பையனுக்கும், அவர் கையில் எப்போதும் எண்ணெய்க் கறை இருந்திருக்கும் என்று பெற்றோருக்கும் நினைவூட்டினேன். தமக்கை உடனே இசைந்துவிடவில்லை. உறவினருக்கு என்ன சொல்வது என்றே மீண்டும் கேட்டாள். கோவையில் ஒருவர் இருந்தார் என்று சொல் என்றேன். அத்தான் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை பையன் கல்கிசைக்கு வந்தான். என் மொறிஸ் மைனரின் கீழே பாயை விரித்துப் படுத்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். சிறிது நேரத்தின் பின் கீழிருந்து ஒரு கை நீண்டு, அந்தக் கிளச் தண்டை வந்து பார்க்கும்படி என்னை அழைத்தது. முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது நானும் குனிந்து, பிறகு படுத்தும் விட்டேன். இத்தனை ஆண்டுகளாக என்னைச் சுமந்த வண்டியின் அடிவயிற்றை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.